டீச்சரைக் கேளுங்கள்: கீழே என்றால் எதில் கீழே?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வகைச் சொற்களைப் பற்றியவை. பதவியில், அளவில், வரிசையில் குறைந்ததைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழில் பார்ப்போம்.
உவர்மலையிலிருந்து, உங்கள் ஆங்கில டீச்சர்

மூதூர் வாசகர்: நான் ஓர் அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளர். பதவி உயர்வு விண்ணப்பத்தில், எனக்குக் கீழ் நான்கு பேர் வேலை செய்வதை ‘ஃபோர் இன்ஃபீரியர் ஸ்டாஃப்’ என்று எழுதினேன். ஐயா சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார், காரணம் சொல்லவில்லை. மேலதிகாரியை சுப்பீரியர் என்கிறோமே, கீழே உள்ளவரை இன்ஃபீரியர் என்றால் என்ன பிழை டீச்சர்?

தம்பி, கேள்வியில் நியாயம் இருக்கிறது. இரண்டும் லத்தீனிலிருந்து சோடியாக வந்த சொற்கள். மேலே உள்ளது, கீழே உள்ளது என்பதுதான் அடிப்படைப் பொருள். டொக்டர்மார் இன்றைக்கும் அந்தப் பொருளில்தான் புழங்குகிறார்கள். உடம்பின் கீழ்ப்பாகத்து இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோகும் பெரிய நாளத்தின் பெயர் இன்ஃபீரியர் வீனா காவா. அதில் குறை ஒன்றும் இல்லை, இருக்கிற இடம் கீழே. வானியலில் புதனும் வெள்ளியும் இன்ஃபீரியர் கோள்கள். பூமியின் பாதைக்கு உள்ளே நின்று சூரியனைச் சுற்றுவதால் அந்தப் பெயர்.

ஆனால் கடைச் சாமானுக்கும் மனிதருக்கும் போட்டால் கதை வேறு. இன்ஃபீரியர் சீமெந்து என்றால் மட்டமான சீமெந்து. இன்ஃபீரியர் ஸ்டாஃப் என்று வாசிக்கிறவருக்கு ‘மட்டமான ஆட்கள்’ என்றுதான் படும். சுப்பீரியருக்கும் ‘உயர்ந்த தரம்’ என்ற பொருள் ஏறியதுதான், ஆனால் அதனால் யாருக்கும் மனம் நோகாது. அதனால் அது அலுவலகத்தில் நிலைத்துவிட்டது. இன்ஃபீரியர் நிலைக்கவில்லை.

பதவிப் படியை மட்டும் சொல்ல ‘சபோர்டினேட்’ இருக்கிறது. அது ஆளை எடைபோடாது. ஆனாலும் கொஞ்சம் விறைப்பான சொல். நான் என்றால் ‘ஐ சூப்பர்வைஸ் எ ஸ்டாஃப் ஒஃப் ஃபோர்’ என்று எழுதுவேன். உங்கள் பொறுப்பும் தெரியும், அந்த நாலு பேருடைய மரியாதையும் கெடாது. அப்புறம், வெட்டுகிற பேனைக்கு ஓரத்தில் ஒரு வரி விளக்கம் எழுதவும் மை இருக்கும். திருத்துகிறவர்கள் அதைச் செய்ய வேண்டும்.

கந்தளாய் வாசகி: அம்மா ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். ஆங்கிலத்தில் மைனர் ஸ்டாஃப் என்கிறார்கள். கேட்கும்போது மனம் நோகிறது. அது மரியாதைக் குறைவான சொல்லா?

மகள், மைனர் என்றால் லத்தீனில் ‘அதைவிடச் சிறியது’. பக்கத்தில் ஓர் அளவுகோல் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். சட்டத்தில் அளவுகோல் வயது. நம் நாட்டில் 18 நிறையாதவர் மைனர், 1989க்கு முன்னர் அது 21. நீர்ப்பாசனத்தில் அளவுகோல் காணி. ஏறத்தாழ 200 ஏக்கர், அதாவது 80 ஹெக்டேருக்கு உட்பட்ட வயலுக்குத் தண்ணீர் கொடுக்கும் குளம் மைனர். உங்கள் கந்தளாய்க் குளம் மேஜர். மைனர் குளம் வற்றினால் அதை நம்பிய ஊர் முழுவதும் அந்தப் போகம் கைவிட்டுப் போகும். பெயர் சொல்வது வயலின் பரப்பை, குளத்தின் பெறுமதியை அல்ல.

ஆஸ்பத்திரியில் மட்டும் அந்த அளவுகோல் எது என்று யாரும் சொல்வதில்லை. அதனால்தான் நோகிறது. நோயாளியைத் தள்ளுவண்டியில் ஏற்றி எக்ஸ்ரே எடுக்கக் கொண்டுபோகிறவர், நடுச்சாமத்தில் வார்ட்டில் வாந்தியைத் துடைக்கிறவர், படுக்கைச் சட்டியை முகம் சுளிக்காமல் எடுக்கிறவர், இவர்களுக்கு ‘சிறிய’ என்ற அடை எதற்கு? அது பழைய காரியாலய வழக்கு, இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை. இருந்தாலும் எனக்கு அது பிடிக்கவில்லை. நீங்கள் எழுதும்போது ‘ஹொஸ்பிட்டல் அட்டென்டன்ட்’ என்று எழுதுங்கள். எல்லோரையும் சேர்த்துச் சொல்ல ‘சப்போர்ட் ஸ்டாஃப்’ போதும்.

திருமலை நகர், தரம் 10 மாணவன்: பக்கத்து வீட்டு அண்ணா நேவியில் பெட்டி ஒஃபிசர். அகராதியில் பெட்டி என்றால் அற்பம் என்று இருக்கிறதே?

அகராதியில் இன்னும் நாலு வரி கீழே பார் தம்பி. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். வந்தபோது ‘சிறிய’ என்ற பொருள் மட்டும்தான், ஏளனம் பிறகு ஏறியது. கடற்படையும் கணக்காளரும் பழைய பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்: பெட்டி ஒஃபிசர், சில்லறைச் செலவுக்கு வைத்திருக்கும் பெட்டி கேஷ். உன் அண்ணா லீடிங் சீமனுக்கு மேலே, சீஃப் பெட்டி ஒஃபிசருக்குக் கீழே. தரைப்படையில் சார்ஜன்டுக்குச் சமம். டொக்யார்ட் இருக்கிற ஊரில் வளர்கிற பிள்ளை இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ‘பெட்டி குவாரல்’ என்றால் அது அற்பச் சண்டைதான். பெட்டிக்கடைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அது நம்முடைய பெட்டி.

தம்பலகாமம் வாசகர்: ஜூனியருக்குப் பின்னால் ‘டூ’ (to) வருமா, ‘தான்’ (than) வருமா?

டூ. சீனியர், இன்ஃபீரியர், சுப்பீரியர் எல்லாவற்றுக்கும் அதே. ‘லெஸ்ஸர்’ வேறு மாதிரி. அதற்குப் பின்னால் ‘தான்’ போடாதீர்கள், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைத்து எழுதுங்கள். உங்கள் ஊர்க் குளங்களில் விசில் அடித்துக்கொண்டு கூட்டமாகப் பறக்கும் வாத்துக்கு ‘லெஸ்ஸர் விஸ்லிங் டக்’ என்று பெயர். அதே இனத்தில் அதைவிடப் பெரியவை உண்டு என்பதைத்தான் அந்த லெஸ்ஸர் சொல்கிறது.

சீனக்குடா வாசகர்: எண்ணெய்க் குதங்களைப் பற்றிய செய்தியில் ‘சப்சிடியரி’ என்று வருகிறது. முக்கியமில்லாத கம்பனி என்றா பொருள்?

இல்லை. அங்கே பேச்சு உடைமையைப் பற்றியது. 2022 ஜனவரியில் 61 குதங்களுக்காக ஏற்படுத்திய கம்பனியில் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு 49 வீதம். பாதிக்கு மேற்பட்ட பங்கு கூட்டுத்தாபனத்திடம் இருப்பதால் அதன் சப்சிடியரி.

கிண்ணியா வாசகி: அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். பட்டத்தில் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு. சிவியில் ‘செகண்ட்-ரேட்’ என்று போடலாமா?

வ அலைக்குமுஸ்ஸலாம் மகள். வேண்டவே வேண்டாம்! செகண்ட்-ரேட் என்றால் தரம் கெட்டது. ‘செகண்டரி ஸ்கூல்’ என்பதில் உள்ளது வெறும் வரிசை, ஆரம்பப் பள்ளிக்கு அடுத்தது. உங்களுடையது வகுப்பு, அதுவும் நல்ல வகுப்பு. சான்றிதழில் உள்ளபடியே ‘செகண்ட் கிளாஸ், அப்பர் டிவிஷன்’ என்று முழுதாக எழுதுங்கள், சுருக்க வேண்டாம். நேர்முகத்தில் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள்.