மேசை ரயிலுக்கு ஒரு டிவி நிகழ்ச்சி

கேள்வி: நண்பர்கள் சிலர் சேர்ந்து வீட்டில் மாதிரி ரயில் ஓட்டுகிறோம். சமூகத் தொலைக்காட்சியில் இதை ஒரு நிகழ்ச்சியாகச் செய்ய ஆசை. எதில் தொடங்குவது?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகச் செய்யுங்கள், ஆனால் முதல் நாளே ஸ்டூடியோ, செட் என்று அலைய வேண்டாம். போனைத் தண்டவாள மட்டத்துக்கு இறக்கி வையுங்கள், மேலேயிருந்து எடுத்தால் எச்ஓ எஞ்சின், அதாவது அசலில் 87இல் ஒரு பங்கு, வெறும் விளையாட்டுச் சாமானாகத்தான் தெரியும். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், போன் கமராவின் ஷட்டர் வேகம் 1/50 செக்கனில் இருந்தால் லைட் பெரும்பாலும் மினுங்காது. அப்புறம், ஜெர்மன் ரயிலையே காட்டிக்கொண்டிருந்தால் இங்கே யார் பார்ப்பது? 1954இல் கனடாவிலிருந்து வந்த நம் ரயில்வேயின் எம்2 டீசல் எஞ்சினைச் செய்துகாட்டுங்கள். நம் பாதை 1676 மில்லிமீற்றர் அகலம், எச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீற்றர், 1676ஐ 87ஆல் வகுத்தால் சுமார் 19.3 வரவேண்டும், ஆக கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் ஒடுக்கம். அதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதே ஒரு முழு எபிசோட்.