கார் இல்லை, கையில் குழந்தை: சேலம், ஏற்காடு போகலாமா?

விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ரகம்தான். கார் கிடையாது, குழந்தை சின்னது, சேலம் பக்கம் வந்தால் சமாளிக்க முடியுமா? தாராளமாக முடியும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: தாம்பரத்தில் இருக்கிறோம். நாலு வயதுப் பெண். வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் என்று ஒன்பது குறித்து வைத்திருக்கிறோம். பஸ்ஸிலேயே முடியுமா அக்கா?

ஒன்பதில் ஏழை அடித்துவிடுங்கள், எல்லாம் முடியும். நாலு வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மீதி நேரத்துக்குத் தூக்கம், சாப்பாடு, வழியில் கண்ட நாய்க்குட்டி என்று அவளிடமே நிறைய வேலை இருக்கும்.

உங்களுக்கு எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் சேலம் எக்ஸ்பிரஸ்தான் வசதி. தாம்பரத்திலேயே ஏறலாம். சென்ட்ரலிலிருந்து வரும் ஏற்காடு எக்ஸ்பிரஸ், பெயரைக் கேட்டால் உங்களுக்காகவே விட்டது மாதிரி இருக்கும். ஆனால் அது சேலத்தைத் தொடும்போது இருட்டுகூட விலகியிருக்காது. தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜங்ஷன் பெஞ்சில் விடியலுக்குக் காத்திருப்பது சுகமான ஆரம்பம் இல்லை. எழும்பூர் வண்டி முதலில் சேலம் டவுனில் நிற்கும். அவசரப்பட்டு அங்கே இறங்காமல் ஜங்ஷன் வரை வாருங்கள். அங்கே முகம் கழுவி, அளவாக இரண்டு இட்லி. பிறகு டவுன் பஸ் பிடித்துப் புதிய பேருந்து நிலையம், அங்கிருந்து ஏற்காடு பஸ். மலை ஏற ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறை எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். விளம்பரத்தில் 'ஏற்காடு' என்று போட்டிருக்கும். போய்ப் பார்த்தால் ஊரிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி, காப்பித் தோட்டத்துக்கு நடுவில் இருக்கும். கார்காரர்களுக்கு அது சொர்க்கம். உங்களுக்கு ஒரு பால் பாக்கெட் வாங்குவதற்கும் ஆட்டோ பிடிக்க வேண்டிய இடம். "ஏரிக்கு நடந்து போகிற தூரமா?" என்று போனில் கேட்டு, ஆமாம் என்றால் மட்டும் பணம் கட்டுங்கள். காலையிலேயே அறை தருவார்களா என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

சனிக்கிழமை ஏரி மட்டும். படகில் ஒரு சுற்று, பக்கத்திலேயே அண்ணா பூங்கா, மான் பூங்கா. வெயில் ஏறும் முன் போனால் படகுக்கு வரிசை குறைவு. ஞாயிறு காலை ஆட்டோவில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனைக்கு ஏறி, இறக்கத்தில் நடந்து வாருங்கள். ஏற்றத்தில் நடந்தால் பாதி வழியில் "தூக்கு" என்று கை நீட்டுவாள். மேலே நின்று பார்த்தால் நீங்கள் வந்த மலைப்பாதை கீழே நெளிந்து கிடக்கும். அதில் ஊர்ந்து வரும் பஸ்ஸைக் காட்டி "நாம வந்த பஸ்" என்று சொல்லுங்கள், அதுவே அரை மணி நேரம் ஓடும். மதியம் சாப்பிட்டதும் இறங்கிவிடுங்கள். ஞாயிறு சாயங்காலம் கீழே இறங்கும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கீழே சேலம் அண்ணா பூங்காவில் கொஞ்சம் ஓடவிட்டு, இரவு ரயில்.

கேள்வி: என் மகனுக்கு ஐந்து வயது. டவுன் பஸ்ஸிலேயே குமட்டுகிறது என்பான். இருபது கொண்டை ஊசி வளைவு என்கிறார்கள். பயமாக இருக்கிறது. (ஈரோடு)

சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் உயரம்கூட இல்லை. ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல். இந்த வித்தியாசத்தை முப்பது கிலோமீட்டருக்குள் ஏற வேண்டுமானால் ரோடு வளைந்துதான் ஆக வேண்டும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரைதான் இந்தத் தொந்தரவு அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, எதிர் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்க்கும் கண் 'இல்லையே' என்கிறது. இந்தச் சண்டைதான் வயிற்றில் வந்து முடிகிறது.

அதனால் முதல் வேலை, போனைப் பிடுங்கிப் பைக்குள் போடுவது. இரண்டாவது, பஸ் நிலையத்திலேயே ஏறி முன்பக்கச் சீட் பிடிப்பது. கடைசி சீட் எவ்வளவு காலியாக இருந்தாலும் வேண்டாம், வளைவுக்கு வளைவு தூக்கிப் போடும். பஸ்ஸில் முன் கண்ணாடி வழியாக ரோடு தெரிவது இந்த விஷயத்தில் காரின் பின் சீட்டைவிடத் தேவலை. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு லேசான சாப்பாடு. வெறும் வயிறும் கூடாது, பாலும் பூரியும் கூடாது. காது அடைத்தால் ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள், விட்டுவிடும். மாத்திரை வேண்டுமென்றால் குழந்தை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் போடுவதைப் பாதியாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

இன்னொரு வழி மருந்துக்கடையில் கிடைக்காது. ஒவ்வொரு வளைவிலும் 1/20, 2/20 என்று எண் போட்ட பலகை இருக்கிறது. ஐந்து வயது என்றால் எண் படிக்கத் தெரியும். அடுத்த பலகையை யார் முதலில் பார்ப்பது என்று போட்டி வையுங்கள். பலகையைத் தேடும் கண் ரோட்டிலேயே இருக்கும். எதற்கும் மடியில் ஒரு கவர், பையில் ஒரு மாற்றுச் சட்டை.

போகிற வழியில், மலை ஏறும் முன், பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவு வரும். தமிழின் முதல் வண்ணப் படத்தை எடுத்த ஸ்டூடியோ. பையனுக்கு அது வெறும் வளைவுதான். கூட தாத்தா வந்தால் அவரை ஜன்னல் பக்கம் உட்கார வையுங்கள்.

கேள்வி: தள்ளுவண்டி (ஸ்ட்ரோலர்) கொண்டு வரலாமா?

வேண்டாம். நடைபாதை இருக்கும் இடத்தில் பைக் நிற்கும், பைக் இல்லாத இடத்தில் நடைபாதை இருக்காது. நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை, இல்லையென்றால் பாட்டி காலத்துப் பருத்திச் சேலை.

கேள்வி: குழந்தைக்கு எத்தனை வயது வரை டிக்கெட் வேண்டாம்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ரயிலில் ஐந்து வயது முடியாத குழந்தைக்கு டிக்கெட் இல்லை, தனி இடம் கேட்காதவரை. ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் படுக்கை வசதிப் பெட்டியில் தனி பெர்த் வேண்டாம் என்று போட்டால் பாதிக் கட்டணம், வேண்டும் என்றால் முழுக் கட்டணம். உட்கார்ந்து போகும் சேர் கார் பெட்டிகளில் இந்தப் பாதி கிடையாது. தமிழக அரசு பஸ்களில் 2022-லிருந்து ஐந்து வயது வரை இலவசம், பன்னிரண்டு வரை அரை டிக்கெட். வயதுக்கு அத்தாட்சியாக ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும். அரை டிக்கெட்டாக இருந்தாலும் கண்டக்டர் கிழித்துக் கொடுப்பதைக் குழந்தை கையிலேயே கொடுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளும் பொறுப்போடு.

கேள்வி: மலையெல்லாம் வேண்டாம். சேலம் ஊருக்குள்ளேயே ஒரு நாள், மூன்று வயதுக் குழந்தையோடு? (பெங்களூரு)

காலையில் குரும்பப்பட்டி வன உயிரியல் பூங்கா. சேர்வராயன் மலை அடிவாரத்தில், ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர் சுமாருக்கு. புள்ளிமான், கடமான், மயில், முதலை, ஆமை, பறவைகள். பெரிய பெரிய மிருகக்காட்சி சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதாகத் தெரியும். மூன்று வயதுக் காலுக்கு அதுதான் சரியான அளவு. செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்று போய்க் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம். ஆட்டோவில் போனால் திரும்பக் கூட்டிப்போவதையும் சேர்த்தே பேசுங்கள், அங்கே நின்று வண்டி தேட முடியாது.

மதியம் தூக்கம், இதில் சமரசம் கூடாது. சாயங்காலம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. ஏரியைத் தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டிருக்கிறார்கள். வெயில் தாழ்ந்ததும் கொக்கும் நாரையும் அந்தத் திட்டுகளுக்கு வந்து இறங்கும். தண்ணீர் ஓரம் என்பதால் கையை மட்டும் விடாதீர்கள்.

ஆடி மாதத்தில் வந்தால் கோட்டை மாரியம்மன் திருவிழாவை ஒட்டி ஊரே வேறாக இருக்கும். குகை என்ற பகுதியில் வண்டி வேடிக்கை நடக்கும் இரவு, ஜோடித்த வண்டிகளில் சாமி வேஷம் போட்டு வருவார்கள். குழந்தைகள் கண் கொட்டாமல் பார்க்கும். ஆனால் கூட்டம் சாதாரணக் கூட்டம் இல்லை. அந்தத் தெருவில் சொந்தக்காரர் மாடியோ திண்ணையோ இருந்தால் மட்டும் மூன்று வயதைக் கூட்டிப் போகலாம் என்பேன்.

கேள்வி: ஆறு வயதுப் பையன். ரயில் பைத்தியம். மலை, ஏரி எதுவும் அவனுக்கு வேண்டாமாம்.

அவனுக்குச் சேலத்தைவிட நல்ல ஊர் கிடைக்காது. ஜங்ஷனிலிருந்து ஜோலார்பேட்டை, ஈரோடு, விருத்தாசலம், நாமக்கல் வழியாகக் கரூர், ஓமலூர் வழியாகப் பெங்களூரு, மேட்டூர் அணை என்று திசைக்கொரு பாதை பிரிகிறது. பத்து ரூபாய் பிளாட்பாரம் டிக்கெட்டும் ஒரு தண்ணீர் பாட்டிலும் இருந்தால் ஒரு காலைப் பொழுது போய்விடும். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பது என்பதை மட்டும் பேரம் பேசாமல் சொல்லிவிடுங்கள்.

பார்த்தால் போதாது, ஏற வேண்டும் என்பான். அதற்குக் கரூர் பாதை. 2013-ல் திறந்த பாதை அது. சேலத்திலிருந்து நாமக்கல் ஒரு மணி நேரம் போல. நாமக்கல் ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் ஊருக்குள் போனால், பதினெட்டு அடி ஆஞ்சநேயர் வானமே கூரையாக நிற்கிறார். எதிரே ஒற்றைப் பாறை மலைக்கோட்டை. பையன் உற்சாகமாக இருந்தால் ஏறுங்கள். இல்லையென்றால் கீழே கமலாலயக் குளக்கரையில் உட்கார்ந்துவிட்டு அடுத்த ரயிலுக்குத் திரும்புங்கள். அவன் வந்ததே அந்த ரயிலுக்குத்தான்.

கேள்வி: வெளியூர்ச் சாப்பாடு சின்னக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளுமா? தட்டுவடை செட் கொடுக்கலாமா?

சாப்பாட்டுக்கு இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எங்கேயும் கிடைக்கும், கவலை வேண்டாம். தட்டுவடை செட் வேறு கதை. சாயங்காலம் தள்ளுவண்டிக் கடையில் நின்று பாருங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் தட்டுவடைகளை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் சிவப்புச் சட்னி, பச்சைச் சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயத்தைச் சிட்டிகை சிட்டிகையாக வைத்து, மேலே இன்னொரு தட்டுவடையால் மூடி அழுத்துவார்கள். கை ஓடும் வேகத்தைப் பார்க்கவே குழந்தைகள் நின்றுவிடும். இரண்டு, மூன்று வயதுக்கு அது கடினம், தொண்டையில் சிக்கும். அவர்களுக்குத் துருவிய கேரட்டை மட்டும் கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்காமல் தருவார்கள். ஐந்து வயதுக்கு மேல் என்றால் "காரம் கம்மியா" என்று சொல்லிவிட்டு, தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் 'நொறுக்கல்' வாங்கலாம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மல்கோவா, இமாம்பசந்து. சட்டையைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள்.

ஏற்காட்டில் தின்பண்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு குழந்தையை நடக்க விடாதீர்கள். குரங்குகள் பெரியவர்களை விட்டுவிட்டுச் சின்ன ஆளைத்தான் குறி வைக்கும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி, குழந்தைக்கு இரண்டரை வயது. கிளியூர் நீர்வீழ்ச்சி பார்க்க ஆசை.

வேண்டாம். படி இறங்கி, அதே படியை ஏற வேண்டும். அருவிப் பக்கம் வழுக்கும். அதற்குப் பதில் ஆட்டோவில் பகோடா பாயிண்ட் என்ற காட்சி முனைக்குப் போங்கள், இரண்டு பேருக்கும் ஒத்துவரும்.

கேள்வி: நவம்பர் கடைசியில் விலை குறைவாக அறை கிடைக்கிறது. வரலாமா?

பனி மூட்டமும் காலியான ஏரிக்கரையும் அழகுதான். ஆனால் வடகிழக்குப் பருவமழை அப்போது முடிந்திருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது என்றாலும், பஸ்ஸை நம்பி வருகிறவர்கள் மாட்டிக்கொண்டால் குழந்தையோடு சிரமம். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பாருங்கள். கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் வானிலை அறிக்கையில் சேலம் மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை என்று இருந்தால் தேதியை மாற்றுங்கள். ஜனவரி என்றால் யோசிக்காமல் வரலாம். குளிர் இருக்கும், குல்லாவும் ஸ்வெட்டரும் மட்டும் மறக்க வேண்டாம். மே மாதம் கோடை விழா, மலர்க்காட்சி நடக்கும் வாரத்தில் வருவதாக இருந்தால் சனி, ஞாயிறைத் தவிர்த்து, காலை முதல் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள்.