மாடி வீட்டுக்கு ஆள் பார்க்கும்போது எதைக் கேட்கலாம்?

கேள்வி: கோவை கணபதியில் சொந்த வீடு. கீழே நாங்கள் இருவர், மாடி போர்ஷனை 14,000 ரூபாய் வாடகைக்கு விடுகிறோம். போன முறை குடி வந்தவர் குடும்பஸ்தர், கொழுந்தனாருக்குத் தெரிந்தவர், எங்கள் ஆட்கள். நான்கு மாத வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார். இந்த முறை டூலெட் போர்டில் 'குடும்பம் மட்டும், சைவம் மட்டும்' என்று எழுதச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தனியாக இருக்கும் ஒரு நர்ஸ் வந்து கேட்டார். திங்கட்கிழமை ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர், மனைவி குழந்தையோடு வந்தார். யாருக்குக் கொடுப்பது, யாரை எப்படி வேண்டாம் என்பது? - ஒரு வாசகி

பதில்: உங்கள் கடிதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. பாக்கி வைத்துவிட்டுப் போனவர் குடும்பஸ்தர், தெரிந்தவர், உங்கள் ஆள். இப்போது போர்டில் எழுதச் சொல்லும் தகுதிகள் அவரிடமும் இருந்தன. தெரிந்தவர் என்பதால் சம்பளம் என்ன, முன்பு எங்கே இருந்தார் என்று யாருமே அவரிடம் கேட்டிருக்க மாட்டீர்கள். நான் பார்க்கும் வாடகைத் தகராறுகளில் பலவும் இப்படிக் கேட்காமல் விட்ட இடத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.

அதனால் அடுத்த ஆளைப் பார்க்கும் முன் நீங்களும் கணவரும் உட்கார்ந்து, வீட்டுக்கு என்ன தேவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை எந்தத் தேதிக்குள் வர வேண்டும், உங்கள் சம்ப்பும் டேங்கும் எத்தனை பேருக்குத் தாங்கும், வண்டி எத்தனை நிறுத்தலாம், ஈபி பில் யார் கட்டுவது. ஐந்து பேருக்கு மேல் தண்ணீர் போதாது என்றால், அது யார் வந்தாலும் ஐந்துதான். ஆளைப் பார்த்த பிறகு விதி எழுதினால் அது அந்த ஆளுக்காக எழுதிய விதியாகிவிடும்.

வருமானத்துக்கு வருவோம். வாடகை மாத வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி. இது சட்டமல்ல, கைக்கணக்கு. உங்கள் வீட்டுக்கு மாதம் 42,000 போல வர வேண்டும். நர்ஸிடம் மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கலாம். ஓட்டுநரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. அதற்காக அவரைத் தள்ளிவிடாதீர்கள். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் பாருங்கள். மாதா மாதம் என்ன வருகிறது, கார் கடன் தவணை தேதி தவறாமல் போகிறதா என்பது அதில் தெரியும். ஒழுங்காகத் தவணை கட்டுகிறவர் சம்பளச் சீட்டு காட்டுகிறவரை விடப் பல சமயம் நம்பகமானவர். இருவர் சம்பாதிக்கும் வீடென்றால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

எல்லாவற்றையும் விட உதவுவது முந்தைய ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன். இப்போது அவர் இருக்கும் வீட்டின் ஓனரை மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எப்படியாவது காலி செய்தால் போதும் என்று நினைப்பவர் தங்கமான மனுசன் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆள் எப்படி என்று பொதுவாகக் கேட்காமல், வாடகை எந்தத் தேதிக்கு வந்தது, போகும்போது வீட்டை எப்படி விட்டுப் போனார்கள், திரும்பி வந்தால் மறுபடியும் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் தயக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள்.

எதைக் கேட்கக் கூடாது? சாதி, மதம், ஏன் கல்யாணம் ஆகவில்லை. இதில் எதுவும் ஐந்தாம் தேதி வாடகை வருமா என்பதைச் சொல்லாது. சட்டமும் சில இடங்களில் குறுக்கே நிற்கிறது. தீண்டாமையின் பேரில் ஒருவரைக் குடியிருக்க விடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பதை 2017ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர் என்பதால் மறுப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. 'சைவம் மட்டும்' என்று எழுதுவதைத் தடுக்கும் தனிச் சட்டம் இல்லை. ஆனாலும் தனிச் சமையலறை உள்ள மாடி வீட்டுக்கு அந்த வரி எதற்கு? சாதியைக் கேட்காமல் கேட்கும் வழியாகத்தான் நம் ஊரில் அது பெரும்பாலும் இருக்கிறது. படிப்பவர்களுக்கும் அது தெரியும்.

நர்ஸ் விஷயத்தில் நீங்கள் யோசிக்க வேண்டியது நைட் ஷிப்ட். பத்து மணிக்கு கேட்டைப் பூட்டுவது உங்கள் வழக்கம் என்றால் ஒரு சாவி அவரிடம் இருக்கட்டும். அவ்வளவுதான்.

அடையாளத்துக்கு ஆதார் கேட்டால், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே போதும். வீடு கொடுக்காதவர்களின் ஆவணங்களை வாட்ஸ்அப்பிலிருந்து அழித்துவிடுங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு வேண்டுமென்றால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் கட்டணம் கட்டி விண்ணப்பிக்கலாம். செய்தால் எல்லாருக்கும் செய்யுங்கள், ஓட்டுநருக்கு மட்டும் வேண்டாம்.

அட்வான்ஸை ஏற்றிவிட்டால் நல்ல ஆள் வருவார் என்பதும் தப்புக் கணக்கு. கையில் மொத்தமாகப் பணம் இருப்பதும் மாதா மாதம் ஒழுங்காகக் கட்டுவதும் வேறு வேறு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், இருவரும் வேறாக ஒப்புக்கொண்டால் தவிர, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கூடாது என்கிறது. அதே சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துவிடுங்கள், இணையத்திலேயே செய்யலாம். இரண்டு மாத பாக்கி நின்று, நோட்டீஸ் கொடுத்தும் வராவிட்டால் காலி செய்யக் கோரி வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். போன முறை வாய்ப்பேச்சோடு விட்டதால்தான் கையில் எதுவும் இல்லாமல் நின்றீர்கள் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும்: கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தாதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும்.

வேண்டாம் என்று சொல்வது சங்கடம்தான். 'பேசி முடிச்சாச்சு' என்று சொல்லிவிட்டு அடுத்த வாரமும் போர்டு தொங்கினால் அவர் அந்த வழியாகத்தான் போவார், பார்ப்பார். உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். தாளில் எழுதிய விதிப்படி முடிவு செய்திருந்தால் சொல்வதற்குக் காரணமும் கையில் இருக்கும். இரண்டு பேரிடம் டோக்கன் அட்வான்ஸ் வாங்கும் வேலையே வேண்டாம்.

இருவருமே தகுதியானவர்கள் என்றால் யார் முதலில் கேட்டாரோ அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை வந்தவர் நர்ஸ். அவர் காகிதங்களைப் பார்த்து, முந்தைய ஓனரிடம் பேச உங்களுக்கு இரண்டு நாள் போதும். அதுவரை ஓட்டுநரிடம், 'உங்களுக்கு முன்னால் ஒருவர் கேட்டிருக்கிறார், புதன்கிழமை சொல்கிறேன்' என்று இன்றே போன் செய்துவிடுங்கள். குழந்தையோடு வீடு தேடுகிறவர், அவர் வேறு இடமும் பார்க்கட்டும்.