வரி போடும் கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் டல்லாஸில் பத்தாண்டுகளாக மென்பொருள் துறையில் இருக்கிறேன். என் அண்ணன் திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறார். அமெரிக்க ஆர்டரை நம்பியே இருந்தவர். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு 50% வரி என்று ஆனபின் அவருடைய மெஷின்களில் பாதி ஓடவில்லை. ட்ரம்புக்கு வாக்களித்த சக ஊழியர்களோடு உட்கார்ந்து சாப்பிடவே எனக்குப் பிடிக்கவில்லை. 1980-களின் அதிபர் ரீகன் காலம் தொட்டுத் தடையற்ற வணிகம், சிறிய அரசு என்று பேசியவர்கள் ஒரே நாளில், உள்நாட்டுத் தொழிலைக் காக்க இறக்குமதிமேல் போடும் காப்பு வரிக்குக் கைதட்டுகிறார்கள். அமெரிக்கப் பழமைவாதத்துக்குக் கொள்கை என்று ஒன்று எப்போதாவது இருந்ததா, அல்லது அது பணக்காரர் நலனுக்குப் பூசிய சாயம்தானா? வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தரும் எச்1பி விசாவுக்கான ஒரு லட்சம் டாலர் கட்டணம் பற்றியும் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

அண்ணனைப் பற்றி வாசித்தபோது மனம் கனத்தது. ஆர்டர் நின்றால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது பவர் டேபிளில், அதாவது தையல் மெஷினில், உட்கார்ந்திருப்பவர்கள். தீபாவளி போனஸை நம்பிக் கடன் வாங்கியிருப்பார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டியவர் உங்கள் அண்ணன். அவரிடம் அடிக்கடி பேசுங்கள். கணக்கு கேட்காதீர்கள், சும்மா பேசுங்கள்.

ஆனால் உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. பத்தாண்டுகள் டெக்சஸில் வாழ்ந்திருக்கிறீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் ஏன் அப்படி வாக்களித்தார் என்று ஒருமுறையாவது அவரிடமே கேட்டதுண்டா? உங்கள் கடிதத்தில் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல்கூட இல்லை. ஒரு நாட்டில் சம்பளம் வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, அந்த நாட்டில் பாதிப்பேர் என்ன நினைக்கிறார்கள் என்று அறியாமலே காலம் தள்ளுவது சோம்பேறித்தனம். அதை அறச்சீற்றம் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

‘ஒரே நாளில்’ என்கிறீர்கள். ரீகனும் ட்ரம்பும் சார்ந்த குடியரசுக் கட்சி காப்பு வரியோடு வளர்ந்த கட்சி. லிங்கன் போட்டியிட்ட 1860 தேர்தல் அறிக்கையிலேயே அது உண்டு. 1890-ல் அக்கட்சியின் காங்கிரஸ் உறுப்பினர் மெக்கின்லியின் சட்டம் வரிக்குட்பட்ட பொருள்களின் மீதான சராசரி வரியைக் கிட்டத்தட்ட 50 சதவீதத்துக்குக் கொண்டுபோனது. அந்த ஆண்டுத் தேர்தலில் அவரே தோற்றார். பிறகு அதிபராகி, 1901 செப்டம்பர் 5 அன்று பஃபலோவில் பேசியபோது பிற நாடுகளோடு பரஸ்பர வணிக உடன்பாடுகள் வேண்டும் என்றார். மறுநாள் சுடப்பட்டார். இன்று மெக்கின்லியைப் புகழ்பவர்கள் அந்தப் பஃபலோ உரையைச் சொல்வதில்லை. நீங்கள் மாதிரியாகக் காட்டும் ரீகனும் 1981-ல் ஜப்பான் அனுப்பும் கார்களை ஆண்டுக்கு 16.8 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளச் செய்தவர். ஹார்லி-டேவிட்சனைக் காப்பாற்ற 1983-ல் பெரிய மோட்டார்சைக்கிள்கள் மேல் வரி போட்டவர். ஆகவே கொள்கை மாறியதா என்ற கேள்வியில் எனக்கு அக்கறை இல்லை. விசாக் கட்டணத்துக்கு ஒரு நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓஹையோ மாநிலத்து யங்ஸ்டவுனில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுப் பெரியவர் எஃகு ஆலையில் வேலை பார்த்தவர். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு மஹோனிங் ஆற்றங்கரை நெடுகக் கூட்டிப்போனார். புல் மண்டிய வெற்றிடங்களைக் காட்டி, இங்கே என் அப்பா, இங்கே என் மாமா என்று சொல்லிக்கொண்டே வந்தார். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே கேம்ப்பெல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு வேலை போயிற்று. ஊர் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்றுதான் சொல்கிறது. 1930-ல் 1,70,000 பேர் வாழ்ந்த நகரத்தில் இப்போது 60,000 பேர்.

பெரியவர் தொழிற்சங்கக்காரர். ஆயுள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்துவந்து கடைசியில் மாறியவர். அந்த மாவட்டமே அப்படித்தான். 1972-ல் நிக்சனை ஆதரித்த பிறகு, குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஒருவர் அங்கே முந்தியது 2020-ல்தான். “சட்டை விலை குறைந்துவிட்டது என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நான் எந்த வேலைக்குப் போவது?” என்று கேட்டார். தடையற்ற வணிகத்தை ஆதரிக்கிற ஒவ்வொருவரும் பதில் சொல்லியாகவேண்டிய கேள்வி இது. நானும் ஆதரிப்பவன். விலை குறைந்ததால் எல்லாருக்கும் லாபம் என்ற பதிலை அவர் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. உங்கள் அண்ணனின் பவர் டேபிள்களும் யங்ஸ்டவுனின் உலைகளும் எனக்கு ஒரே துக்கம்தான்.

ஆனால் அந்த ஆலையை இறக்குமதி மட்டும் கொல்லவில்லை. 1969-ல் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த லைக்ஸ் என்ற கப்பல் கம்பெனி கடன் வாங்கி அதை விலைக்கு வாங்கியது. ஆலையின் வருமானம் கடனை அடைக்கப் போனது. பழைய உலைகளை மாற்றப் பணம் ஒதுக்கவில்லை. எங்கோ இருந்த சிலர் முடிவெடுத்தார்கள், ஊருக்கு அறிவிப்பு மட்டும் வந்தது. பெரியவருக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும், 2018-ல் எஃகுக்கு 25% வரி வந்ததைப் பற்றிப் பேசும்போது, “கடைசியில் ஒருவராவது எங்களுக்காகக் கையெழுத்துப் போட்டார்” என்றார்.

என்னை உறுத்துவது அந்தக் கையெழுத்துதான். அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் ஷரத்து, எட்டாம் பிரிவு, இறக்குமதி வரி விதிக்கும் அதிகாரத்தை மக்கள் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸுக்குத் தருகிறது. அதிபருக்குத் தரவில்லை. மன்னன் தன் விருப்பத்துக்கு வரி போடக்கூடாது என்று இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் நடந்திருக்கிறது. தங்களுக்குப் பிரதிநிதிகள் இல்லாத நாடாளுமன்றம் போட்ட வரியை எதிர்த்துத்தான் 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். இதைக் காப்பதல்லாமல் பழமைவாதிக்கு வேறென்ன வேலை?

காங்கிரஸ் நல்லபடி நடந்துகொண்டது என்று சொல்லமாட்டேன். 1930-ல் ஸ்மூட், ஹாலி என்ற இரு காங்கிரஸ் உறுப்பினர்கள் கொண்டுவந்த வரிச் சட்டத்தில் உறுப்பினர்கள் ஆளுக்கொரு தொகுதிச் சரக்குக்கு வரி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்திட வேண்டாம் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளியலாளர்கள் அதிபர் ஹூவரிடம் கேட்டும் பயனில்லை. ஆனால் 1932-ல் அந்த இருவரையும் வாக்காளர்கள் வெளியேற்றினார்கள். அப்படி வெளியேற்ற முடிந்ததைத்தான் நான் பெரிதாகச் சொல்கிறேன். 1934-ல் ஜனநாயகக் கட்சி அதிபர் ரூஸ்வெல்ட் வரியைப் பேசித் தீர்க்கும் அதிகாரத்தைத் தன் பக்கம் கேட்டபோது குடியரசுக் கட்சியினரில் பெரும்பாலோர் எதிர்த்து வாக்களித்தார்கள். பிறகு 1962-லும் 1974-லும் காங்கிரஸே அதிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தது. 1977-ன் நெருக்கடிநிலைப் பொருளாதார அதிகாரச் சட்டம் அதிபரின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்த வந்தது. அதில் சுங்க வரி என்ற பேச்சே கிடையாது. அதைக் காட்டித்தான் 2025 ஏப்ரல் 2 அன்று ஏறத்தாழ உலகம் முழுமைக்கும் வரி அறிவிக்கப்பட்டது.

அதை எதிர்த்து முதலில் நீதிமன்றம் போனவர்களில் நியூயார்க்கின் ஒரு சிறு ஒயின் இறக்குமதியாளரும் உண்டு. அவருக்காக வாதாடியது சிறிய அரசை வேண்டும் சுதந்திரவாத அமைப்பு. 2025 மே மாதம் அமெரிக்காவின் பன்னாட்டு வணிக நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அதிபருக்கு எதிராக ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அவர்களில் ஒருவர் ரீகன் நியமித்தவர், ஒருவர் ஒபாமா நியமித்தவர், ஒருவர் ட்ரம்பே நியமித்தவர். கொள்கை இருந்ததா என்று கேட்டீர்களே, இவர்களிடம் இருந்தது.

உங்கள் அண்ணன் மேல் விழுந்த 50 சதவீதத்தில் பாதி, இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்காக. பனியனுக்கும் எண்ணெய்க்கும் என்ன தொடர்பு? ஒருவர் நினைத்தார், போட்டார். நினைத்தால் அவரே எடுக்கலாம். ஆறு மாதம் கழித்து வரி என்னவாக இருக்கும் என்று தெரியாமல் எவர் நூல் வாங்குவார், எவர் புது மெஷின் போடுவார்? ஓஹையோவில் ஆலை கட்ட நினைப்பவருக்கும் அதே திகைப்புதான். தூரத்து ஒரு கை யங்ஸ்டவுனை மூடியது. இன்னொரு தூரத்துக் கை அதைத் திறந்துவிடும் என்று பெரியவர் நம்புகிறார். அந்த நம்பிக்கையைப் பழமைவாதம் என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். தன் கட்சி வாழ்க்கை முழுக்க மைய அதிகாரத்தைச் சந்தேகித்துவிட்டு இப்போது வாய்மூடி இருக்கும் செனட்டர்களை மன்னிக்கவும் மாட்டேன்.

நாளை மதியம் அந்தச் சக ஊழியரோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். வரி சரியா தவறா என்று தொடங்காதீர்கள். வரி போடும் அதிகாரம் யாருடையது என்று கேளுங்கள். முதலில் அவரைப் பேசவிடுங்கள், குறுக்கே பாயாதீர்கள். அவர் சொன்னதை எனக்கு எழுதுங்கள். உங்கள் கருத்தை அதில் கலக்கவேண்டாம்.