‘இன்னாச்சு என் கேசு?’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். ஐந்தாண்டு சட்டப்படிப்பில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். அம்மா பீடி சுற்றுகிறார், அப்பாவுக்குத் தறி. எங்கள் குடும்பத்தில் தாத்தா மட்டும் ஒரு வேலித் தகராறுக்காகக் கோர்ட் படி ஏறியிருக்கிறார். கறுப்பு கோட்டோடு ஏறப்போவது நான்தான் முதல் ஆள்.

லீவு நாட்களில் ஒரு சீனியரிடம் போகிறேன். வகுப்பில் சட்டப் பண்பாடு என்றால் ரோமன் சட்டம், ஆங்கிலேயர் சட்டம் என்று படிக்கிறோம். கோர்ட்டில் பார்ப்பது வேறாக இருக்கிறது. பத்தரைக்குக் கால் ஒர்க். டவாலி, அதாவது கோர்ட் சேவகர், பெயர் கூப்பிடக் கூப்பிட, ஒரு மணி நேரத்தில் நாற்பது ஐம்பது கேசுக்குத் தேதி போட்டுவிடுகிறார்கள். போன வாரம் எங்கள் சீனியரின் கட்சிக்காரர், ஒரு பாட்டி, பெயர் கூப்பிட்டதும் உள்ளே ஓடி வந்தார். அவர் கும்பிட்டு முடிப்பதற்குள் தேதி போட்டாகிவிட்டது. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாச்சு பாப்பா என் கேசு?” என்றார். தேதியைச் சொன்னேன். “அது சரி, இன்னாச்சு?” என்று மறுபடியும் கேட்டார். பதில் தெரியவில்லை. சாயங்காலம் போனில் கேஸ் நிலவரத்தைப் பார்த்தால் ‘ஸ்டெப்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தது. சீனியரைக் கேட்டேன். மூன்றாம் எதிர்வாதி இறந்துவிட்டார், வாரிசுகளைச் சேர்க்க வேண்டும், அதற்காக நிற்கிறது என்றார்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தமிழில் எழுதி வருகிறேன். சீனியர் அதைப் பார்த்துவிட்டு, “வக்கீல் எழுதுற ஒரே எழுத்து பிளெயின்ட்தாம்மா, இதெல்லாம் வேண்டாம்” என்றார். பிளெயின்ட் என்றால் வழக்கு தொடுக்கும் மனு. தோழிகள், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றி இங்கிலீஷில் எழுது, வேலைக்கு உதவும் என்கிறார்கள். நான் எழுதலாமா? எழுதினால் எதை, எந்த மொழியில்?

க.

*

அன்புள்ள க,

உங்கள் கடிதத்தில் இருந்த ஊர்ப் பெயரையும் வழக்கு எண்ணையும் எடுத்துவிட்டுத்தான் வெளியிடுகிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். முதலில் அந்தப் பாட்டியின் கேள்வி. எங்கள் வீட்டிலும் அது பதினோரு வருஷம் ஒலித்த கேள்வி.

1983இல் அப்பா ஒரு வழிப்பாதைக்காகத் தாவா, அதாவது சிவில் வழக்கு, போட்டார். பங்காளி வண்டித்தடத்தில் முள் வைத்து அடைத்துவிட்டான். நான் ஒன்பதாம் வகுப்பு. துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சப்பையில் பத்திரங்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு அப்பா புறப்படுவார். படிக்கிற பிள்ளை கூட இருக்கட்டும் என்று என்னையும் அழைத்துப் போவார். முன்சீப் கோர்ட் வாசலில் ஒரு வேப்பமரம். அடியில் டைப் மிஷினோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். நாங்கள் அங்கேதான் நிற்போம்.

ஒரு நாள் வக்கீல் குமாஸ்தா கட்டோடு வெளியே வந்து, “தாவா ரிட்டர்ன் ஆயிடுச்சு. ஏழு நாள்ல சரி பண்ணிப் போட்டுடலாம்” என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளிடம் போய்விட்டார். அப்பா காதில் விழுந்தது முதல் மூன்று சொற்கள்தான். பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டதற்கு, “திருப்பிட்டாங்க” என்றார். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கழனிக்கும் போகவில்லை. ஜட்ஜே நம் பேச்சை எடுக்கவில்லை என்று அவருக்கு எண்ணம். மூன்றாம் நாள் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். சர்வே எண்ணில் உட்பிரிவு விட்டுப்போயிருக்கிறது, அதைச் சேர்த்துப் போடச் சொல்லி எழுதியிருக்கிறது, அவ்வளவுதான் என்றார். ஒரு ‘2ஏ’வுக்காக அப்பா இரண்டு நாள் பட்டினி.

அந்த வக்கீல் நல்ல மனிதர். பீஸில் பாதியை விட்டுக்கொடுத்தவர். குமாஸ்தாவும் கெட்டவர் இல்லை. ஆனால் இன்றைக்குக் கோர்ட்டில் என்ன நடந்தது என்று கட்சிக்காரரிடம் இரண்டு நிமிஷம் நின்று சொல்வது யாருடைய வேலை என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் கேட்கும் சட்டப் பண்பாடு எனக்கு அங்கேதான் தெரிகிறது. கடைசியில் வழக்கு ராஜியில் முடிந்தது. பங்காளி மகள் கல்யாணத்துக்கு அந்த வண்டித்தடம் அவருக்கே தேவைப்பட்டது. அது தனிக் கதை.

வாய்தா என்று தினமும் சொல்கிறோம். அரபியில் கிளம்பி உருது வழியாக வந்த சொல். மூலத்தில் வாக்கு, உறுதிமொழி என்று பொருள். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ உருது பேசும் வீட்டில் கேட்டுப் பாருங்கள், காதலன் காதலிக்குக் கொடுப்பதும் ‘வாதா’தான். அதையே நாம் கேசைத் தள்ளிப்போடுவதற்கு வைத்துக்கொண்டோம். வக்காலத்து, ஜாமீன், அமீனா, ஆஜர், தாக்கல், ராஜி எல்லாமே அந்தக் கூட்டம். நவாப்பின் ஆற்காட்டில் நிர்வாக மொழி பாரசீகம். இந்தச் சொற்கள் தமிழுக்குள் வந்த வாசல்களில் நம் ஊர்ப்பக்கமும் ஒன்று. அதற்கு மேல் இங்கிலீஷ் வந்து உட்கார்ந்தது. இப்போது 2024 ஜூலை 1 முதல் சமஸ்கிருதப் பெயரில் மூன்று குற்றவியல் சட்டங்கள். மோசடிக்கு 318ஆம் பிரிவு வந்துவிட்டது. ஆனால் வேலூர் பஸ் ஸ்டாண்டில் யாரும் யாரையும் ‘முந்நூத்திப் பதினெட்டு’ என்று திட்டி நான் கேட்டதில்லை. நானூத்தி இருபது அப்படியேதான் இருக்கிறது.

கீழ் நீதிமன்றங்களில் தமிழ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1976 ஆட்சிமொழிச் சட்டத் திருத்தத்துக்குப் பின் கீழ்க் கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் எழுத வழி வந்தது. உயர் நீதிமன்றத்துக்கு, இங்கிலீஷ்தான் மொழி என்கிற அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது. 2006இல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அது நகரவில்லை. ஆனால் தமிழில் எழுதிவிட்டால் விளங்கிவிடும் என்று நம்பாதீர்கள். எங்கள் பத்திரத்தில், ‘தான விக்கிரய பாத்தியங்களுடன் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள’ என்று இருக்கும். அப்பா அதை மனப்பாடமாகச் சொல்வார். தான விக்கிரயம் என்றால் தானம் கொடுக்கவும் விற்கவும் உரிமை என்பது அவருக்கு அறுபது வயதில்தான் தெரிந்தது. அதையும் நான் சொல்லித்தான்.

இதை முன்பே யோசித்தவர்கள் இருக்கிறார்கள். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான சதர் கோர்ட் (அன்றைய மேல்முறையீட்டு நீதிமன்றம்) தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் கொண்டு வந்தார். வெளியானது 1862இல். அவரே முன்சீப். உங்கள் சீனியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, எதை எழுதுவது? தோழிகள் சொல்கிறபடி தீர்ப்புகளைப் பற்றி இங்கிலீஷில் எழுதுவதில் தப்பே இல்லை. வேலைக்கு அது வேண்டும், எழுதுங்கள். ஆனால் ஒரு தீர்ப்பை மட்டும் தமிழிலும் எழுதிப் பாருங்கள். அதன் பெயரிலேயே வேலூர் இருக்கிறது.

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் நாடு முழுக்க அதைப் படிக்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் போட்ட ரிட் மனு. 1996 ஆகஸ்ட் 28இல் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. கெடுதல் வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கை, கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில்தான் உறுதியாகச் சொன்னார்கள். பரீட்சைக்கு இந்த இரண்டு வரி போதும். முழுத் தீர்ப்பையும் எடுத்துப் பாருங்கள், உள்ளே பாலாறு ஓடும். தோல் பதனிட ஏறக்குறைய 170 வகை ரசாயனங்கள் என்று அதில் இருக்கிறது. டேனரிகள் எனும் தோல் பதனிடும் ஆலைகள் உள்ள பகுதியில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நிலம் பாதியாகவோ முழுக்கவோ பயிருக்கு உதவாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லாம் அப்போது ஒரே வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம். நிலம் கெட்டவர்களுக்கு நஷ்டஈடு கணக்கிடத் தனி ஆணையம். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே ஆற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

சில வருஷம் முன்பு வாணியம்பாடி பக்கம் ஒரு விவசாயியோடு பேசிக்கொண்டிருந்தேன். கிணற்றில் கயிறு கட்டி ஒரு வாளி மொண்டு காட்டினார். மேலே லேசாக நுரை. “தென்னைக்குக்கூட ஆகாது” என்றார். இந்தத் தீர்ப்பைச் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. டெல்லியில் படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்த வழக்கு, அந்தத் தண்ணீரை மொண்டவருக்குத் தெரியவில்லை. அதே தெருவில் டேனரிக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவரும் இருந்தார். “மூடிட்டா நாங்க எங்க போறது?” என்பது அவர் கேள்வி. இருவரையும் ஒரே கட்டுரையில் உட்கார வைக்க முடிந்தால் அது நல்ல கட்டுரை. இங்கிலீஷில் எழுதினால் இந்த இருவருமே அதைப் படிக்கப்போவதில்லை.

உங்கள் சீனியர் சொன்னதில் பாதி சரி. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வக்கீல் வெளியே விடக்கூடாது. பழைய சாட்சியச் சட்டத்தில் இது 126ஆம் பிரிவு, புதிய சட்டத்தில் 132. நீங்கள் இன்னும் வக்கீல் ஆகவில்லை. ஆனால் சீனியர் ஆபீசில் காதில் விழுந்ததெல்லாம் அவர் பொறுப்பு. அதனால்தான் ஊரையும் எண்ணையும் எடுத்தேன். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, சின்ன ஊரில் சர்வே எண்ணைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது குற்றமே. நாளைக்கு என்ரோல் ஆனபின், ‘இந்தக் கேசை ஜெயித்தேன்’ என்று எழுதினால் அது விளம்பரம், பார் கவுன்சில் விதி விடாது. ஜட்ஜைப் பற்றி எழுதப் பயப்பட வேண்டாம். தீர்ப்பு வந்து முடிந்த வழக்கை நியாயமாக விமர்சிப்பது அவமதிப்பு ஆகாது என்று 1971ஆம் வருஷச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. ‘நியாயமாக’ என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு கண் இருக்கட்டும்.

மற்றபடி எழுதுங்கள். கால் ஒர்க்கை எழுதுங்கள். வேப்பமரத்தடியில் டைப் அடிப்பவர் ஒரு பக்கத்துக்கு எவ்வளவு வாங்குகிறார், கூண்டில் ஏறும்போது ஜனங்கள் செருப்பைக் கழற்றுகிறார்களா, யார் சொல்லிக் கழற்றுகிறார்கள், டவாலி யார் பெயரை மெதுவாகவும் யார் பெயரை அதட்டியும் கூப்பிடுகிறார் என்று பாருங்கள். கோட்பாடு கொஞ்சம் பொறுக்கட்டும்.

கடைசியாக, உங்கள் பாட்டி. கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்பு. எதிர்வாதி இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆளைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அப்புறம் அதை நீக்கச் சொல்லி ஒரு மனு, தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு என்று இழுக்கும். உங்களுக்கு இது தெரியும். ஆனால் இறந்த தேதி, இறப்புச் சான்றிதழ், வாரிசுகளின் பெயர், விலாசம் இதெல்லாம் எங்கிருந்து வரும்? பங்காளி வழக்காக இருந்தால் பாட்டி அந்தச் சாவுக்கே போய் வந்திருப்பார். பிள்ளைகள் எத்தனை, யார் பெங்களூரில், யார் ஊரில் என்று விரல் விட்டுச் சொல்வார். அந்தச் சாவினால்தான் கேஸ் நிற்கிறது என்று மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை, அதனால் வெறுங்கையோடு வந்து கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

சீனியரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த வாய்தாவுக்கு முன்பே ஒரு போன் போடுங்கள். அவரிடம் போன் இல்லை என்றால் பக்கத்து வீட்டு எண் கட்டின் மேல் எழுதியிருக்கும், எங்கள் அப்பாவின் கட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. இறந்து எத்தனை நாள் ஆகிறது என்பதை முதலில் கேளுங்கள்.

அன்புடன்