மருத்துவமனையில் தொற்றுத் தடுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று எப்படி மதிப்பிடுகிறார்கள்?

சிகிச்சைக்கு வந்த இடத்தில் நோயாளிக்குப் புதிதாகத் தொற்று வராமல் காக்கும் ஏற்பாடுகளே தொற்றுத் தடுப்புத் திட்டம். அது காகிதத்தில் மட்டும் இருக்கிறதா, கட்டிலருகிலும் நடக்கிறதா என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட படிவத்தில் எட்டுப் பகுதிகள், மொத்தம் 800 மதிப்பெண்கள். பயிற்சி, ஆள்பலம், கட்டில்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லாம் அதில் வரும்.

ஏன் அளக்க வேண்டும்? கிருமி கண்ணுக்குத் தெரியாது. ஊசி போட வந்தவர் கை கழுவினாரா என்பதற்கும் தடயம் மிஞ்சாது. யாராவது குறிப்பேட்டுடன் நின்றால் எல்லோரும் கழுவிவிடுவார்கள்! ஆகவே வார்டில் சானிடைசர் எத்தனை லிட்டர் செலவாகிறது என்றும் கணக்கெடுக்கிறார்கள். வீட்டில் எவ்வளவு சமையல் நடக்கிறது என்பதைக் காஸ் சிலிண்டர் தீரும் வேகம் சொல்லிவிடுமே, அதுபோல. ஆனால் நோயாளியைத் தொடுவதற்கு முன்பு கைகளைச் சுத்தம் செய்தாரா, பின்பா என்பதை அது சொல்லாது. அதற்கு நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

‘எங்களிடம் தொற்றே இல்லை’ என்னும் மருத்துவமனைதான் சிறந்தது என்று பலர் நம்புகிறார்கள்; ரத்தத்தையும் சிறுநீரையும் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பாத இடத்திலும் கணக்கு பூஜ்யமாகத்தான் இருக்கும்.