குட்டி ஹெலிகாப்டரில் ரிமோட் கோளாறு: கேள்வி பதில்

கேள்வி: நேற்று வரை பறந்தது. இன்று பேட்டரி செருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது, மோட்டார் சுற்றவில்லை.

பதில்: முதலில் த்ராட்டில் குச்சியை, அதாவது மோட்டார் வேகத்தை ஏற்றி இறக்கும் குச்சியைப் பாருங்கள். அடிமட்டத்தில் இருக்க வேண்டும். த்ராட்டில் டிரிம்மும் (குச்சியின் நிலையைச் சிறிது கூட்டிக் குறைக்கும் பொத்தான்) மேலே ஏறியிருக்கக் கூடாது. கொஞ்சம் உயர்ந்திருந்தாலே இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) மோட்டாரை ஓடவிடாது. ரிமோட்டை முதலில் போட்டு, பிறகு ஹெலிக்குப் பேட்டரி கொடுங்கள். அப்படியும் ஆகாவிட்டால் மறுபடி பைண்ட் செய்யுங்கள், அதாவது ரிமோட்டையும் ஹெலியின் ரிசீவரையும் இணை சேருங்கள், ஆனால் ரிமோட்டை ஹெலியின் மேலேயே வைக்காதீர்கள். ஓரிரு மீட்டர் தள்ளி வையுங்கள். மிக அருகில் சிக்னல் அதிகமாகி ரிசீவர் திணறும்.

கேள்வி: வேறு ஒரு 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் இருக்கிறது. அதோடு பைண்ட் ஆகுமா?

பதில்: அலைவரிசை ஒன்றாக இருந்தால் போதாது. டி.எஸ்.எம்.எக்ஸ். என்ற நெறிமுறையில் பேசும் ரிசீவர், ஏ.எஃப்.எச்.டி.எஸ். 2ஏ என்ற வேறு நெறிமுறை ரிமோட்டுக்குச் செவிசாய்க்காது. நெறிமுறைப் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு முயலுங்கள்.

கேள்வி: மூன்று நிமிடம் நன்றாகப் பறக்கிறது. சட்டென்று மேலேற்றினால் கட்டுப்பாடு அறுந்து விழுகிறது. ஆன்டெனா மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். சிக்னல் போய்விட்டது என்று தோன்றினாலும் இது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. மேலேற்றும்போது மோட்டாரும், இறக்கைக் கோணத்தை மாற்றும் சிறு மோட்டார்களான மூன்று சர்வோக்களும் சேர்ந்து கரன்ட் இழுக்கும். அந்த நொடியில் வோல்டேஜ் சரிந்தால் ரிசீவர் அணைந்து மறுபடி தொடங்கும். அதற்குள் ஹெலி தரையில். தரையில் வைத்து அளந்தால் ஒன்றும் தெரியாது. சுமையில்லாதபோது 3.8 வோல்ட் காட்டும் கிழட்டு லிப்போ செல், சுமை ஏறியதும் 3 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடும்.

தனி 5 வோல்ட் பி.இ.சி. (ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மின்சாரம் தரும் சுற்று) உள்ள ஹெலி என்றால் இப்படிச் சோதியுங்கள். மெயின் இறக்கைகளைக் கழற்றி, மோட்டார் வயர்களில் இரண்டைப் பிடுங்கிவிடுங்கள். ரிசீவரின் காலியான சேனலில் மீட்டரை வைத்து, குச்சிகளை எல்லாப் பக்கமும் வேகமாக ஆட்டுங்கள். 4.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பி.இ.சி.க்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி இல்லை. மீட்டர் மெதுவானது, கண்ணிமைக்கும் சரிவைப் பிடிக்காது. ஆகவே ரிசீவர் விளக்கையும் கவனியுங்கள். அணைந்து எரிந்தால் அதுவே போதிய சாட்சி. 4700 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைக் காலிச் சேனலில் செருகினால் சிறு சரிவுகள் அடங்கும். துருவம் மாறினால் வெடித்துவிடும், கவனம். தேய்ந்த பேட்டரிக்கு இது மருந்தல்ல.

கேள்வி: ஒரு சர்வோ மட்டும் நடுங்குகிறது.

பதில்: அதன் பிளக்கையும் பக்கத்து சர்வோவின் பிளக்கையும் இடம் மாற்றிப் பாருங்கள். நடுக்கம் அதே சர்வோவில் இருந்தால் உள்ளே நிலையை உணரும் பொட்டென்ஷியோமீட்டர் தேய்ந்திருக்கிறது, சர்வோவை மாற்றுங்கள். அடுத்த சர்வோவுக்குத் தாவினால் ரிசீவர் அல்லது போர்டு. மோட்டார் ஓடும்போது மட்டும் எல்லாம் நடுங்குகிறதா? பிரஷ் மோட்டாரின் தீப்பொறியாக இருக்கலாம். அதன் இரு முனைகளுக்கு இடையே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்றைப் பற்றவையுங்கள். வாலுக்குப் பெல்ட் ஓடும் மாடலில் நிலைமின்சாரமும் இதே வேலையைச் செய்யும். வால் குழாயையும் மோட்டார் உடலையும் ஒரு மெல்லிய வயரால் இணைத்துவிடுங்கள்.

கேள்வி: குச்சியைத் தொடாமலே வால் மெதுவாகச் சுற்றுகிறது. டிரிம் போட்டும் தீரவில்லை.

பதில்: டிரிம் போட்டதுதான் கோளாறு! வால் பார்க்கும் திசையைத் தானே பிடித்து வைக்கும் ஹெடிங் ஹோல்ட் ஜைரோவுக்கு ரடர் (வாலைத் திருப்பும் குச்சி) டிரிம் என்பது "விடாமல் திரும்பு" என்ற கட்டளை. டிரிம்மை நடுவில் வைத்து, ஹெலியைச் சமதரையில் அசையாமல் வைத்துப் பேட்டரி கொடுங்கள். ஜைரோ தயாராகும் வரை தொடாதீர்கள். கையில் பிடித்துக்கொண்டே செருகினால் அந்த அசைவையே நிலையாக எடுத்துக்கொள்ளும்.

மெதுவாக இல்லாமல், தரையை விட்டு எழுந்ததுமே கிறுகிறுவென்று சுழன்றால் ஜைரோ திசை தலைகீழ். மூக்கைக் கையால் இடப்பக்கம் திருப்புங்கள். வலது ரடர் கொடுத்தால் வால் சர்வோ எந்தப் பக்கம் போகுமோ அந்தப் பக்கம் நகர வேண்டும்.

கேள்வி: வீட்டுக்குள் பறக்கும் மூன்று சேனல் ஹெலி, மொட்டைமாடியில் ரிமோட்டுக்குப் பணிவதில்லை.

பதில்: அது அகச்சிவப்பு ரிமோட். வெயில் பட்டால் உணரி குருடாகிவிடும். பழுதல்ல.

கேள்வி: ரிசீவர் ஆன்டெனா எப்படி இருக்க வேண்டும்?

பதில்: நுனியில் உறையில்லாத சுமார் 31 மில்லிமீட்டர் பகுதிதான் உண்மையான ஆன்டெனா. அதை வெட்டாதீர்கள், மடிக்காதீர்கள், கார்பன் சட்டத்துக்குப் பின்னால் மறைக்காதீர்கள். இரண்டு இருந்தால் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வையுங்கள். பிறகு ரிமோட்டை ரேஞ்ச் சோதனை நிலையில் போட்டு 30 காலடி எடுத்து வைத்து விலகி நடந்து, சர்வோ தடுமாறாமல் அசைகிறதா என்று பாருங்கள்.